எங்கே போறீய?

எங்கள் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் ஏமாந்துபோவார்கள். போக்குவரத்து ஆய்வு என்றதும் ஒரு பஸ், ஒரு லாரி, குறைந்தபட்சம் ஒரு சைக்கிளாவது நிற்கும் என்று நினைத்து வருவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஓரத்துக் கல்லூரி ஒன்றின் தரைத்தளத்தில் இருந்ததெல்லாம் நாலு கம்ப்யூட்டர், ஒரு ஏசி, சுவர் நிறைய சாலை வரைபடம், அப்புறம் எங்கள் ஹவில்தார். நிஜ ரோட்டில் ஓடும் வண்டிகளைத் திரையில் ஓடவிட்டுப் பார்க்கிற மென்பொருள் ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அதைத் திறக்க பென் டிரைவ் மாதிரி ஒரு சாவியைச் செருக வேண்டும். அந்தச் சாவி ஹவில்தாரின் டிராயருக்குள் பூட்டிக் கிடக்கும்.

ஹவில்தார் என்பது பட்டாளத்தில் அவர் வாங்கிய பதவி. ஓய்வு பெற்று வந்து எங்களிடம் ஒப்பந்தத்தில் லேப் உதவியாளராகச் சேர்ந்திருந்தார். பட்டாளம் அவரை விட்டுவிட்டது, அவர்தான் பட்டாளத்தை விடவில்லை. சாவியை வாங்க ஒரு கையெழுத்து, திருப்பித் தர ஒரு கையெழுத்து.

"துப்பாக்கியாண்ணே இது?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"துப்பாக்கியக்கூட ஆளுக்கு ஒண்ணு குடுத்தாவ மேடம். இது நாலு பேருக்கு ஒண்ணுல்லா" என்றார்.

அவர் தேவதானத்துக்காரர். காலை ஏழு மணிக்கு அங்கிருந்து கிளம்பி, ராஜபாளையம் வழியாக நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிற பஸ் ஒன்று உண்டு. அதில்தான் வருவார். அவருக்கு வலது முழங்காலில் பட்டாளத்தில் பட்ட அடி. பஸ் படியில் ஏறுவதையாவது சமாளிப்பார், இறங்குவது பெரும்பாடு. நேர் பஸ் என்றால் ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கினால் போதும். எட்டரைக்குள் வாசல் மெஷினில் விரல் வைத்தாக வேண்டும். "இந்த பஸ்ஸு இருக்க மட்டும் எனக்கு வேலை இருக்கு" என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அந்தச் சமயத்தில் எங்கள் லேபுக்குப் போக்குவரத்துக் கழகத்திலிருந்து ஒரு வேலை வந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வருகிற பஸ்களில் எவை நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட வேண்டும், எவற்றை ராஜபாளையத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். பேராசிரியருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஊர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. எல்லாம் 'ஸோன்' தான். தேவதானம் ஸோன் பதினொன்று. ஹவில்தாரை அவர் ஸோன் பதினொன்றில் வசிப்பவராகத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

பயணிகளிடம் கேட்டு நிரப்புகிற படிவத்தைத் தயாரிக்கும் பொறுப்பு ஆய்வு மாணவியான எனக்கு. ஆய்வுக்கான ஆங்கிலக் கையேட்டில் இருந்ததை அப்படியே தமிழில் எழுதினேன். முதல் மூன்று கேள்விகள் வயது, தொழில், ஊர். நான்காம் கேள்வி: 'நீங்கள் இப்போது எங்கே செல்கிறீர்கள்?'

நான் ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாராவது 'எங்கே?' என்று கேட்டுவிட்டால் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் மறுபடி படி இறங்குவோம். கேட்டே ஆக வேண்டும் என்றால் 'தூரமா?' என்று கேட்போம். இதெல்லாம் தெரிந்த நான்தான் அந்தக் கேள்வியை எழுதினேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

மற்ற ஊர்களுக்கு மாணவர்கள் போனார்கள். தேவதானத்தை ஹவில்தார் எடுத்துக்கொண்டார். காலையில் நிறுத்தத்தில் நிற்கிறவர்களிடம் கேட்டு எழுதிவிட்டு, அதே பஸ்ஸில் ஏறி வந்து, படிவக் கட்டை என் மேசையில் வைப்பார். முத்து முத்தான எழுத்து. ஒரு கட்டம்கூடக் காலி இருக்காது.

நான்காம் கேள்விக்கு வந்த பதில்கள் இப்படி இருந்தன: 'இங்கதான்.' 'இந்தா, பக்கத்துல.' 'ஒரு சோலியா.' 'சும்மா.' நான் அசரவில்லை. 'இங்கதான்', 'பக்கத்துல' எல்லாவற்றையும் அடுத்த ஊரான சேத்தூர் என்று போட்டேன். 'சோலி' என்றவர்களை ராஜபாளையத்தில் இறக்கிவிட்டேன். 'சும்மா' என்பதைக் கையேட்டில் இருந்த 'பொழுதுபோக்கு' என்ற தலைப்பில் சேர்த்தேன். தேவதானத்தில் காலை ஏழு மணிக்கே இத்தனை பேர் பொழுதுபோக்கக் கிளம்புகிறார்களே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கம்ப்யூட்டர் கணக்குப் போட்டது. ராஜபாளையம் வட்டாரமே பக்கத்துத் தெருவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. 'தேவதானம் நேர் பஸ்ஸை ராஜபாளையத்தோடு நிறுத்தலாம்' என்ற வரியை அறிக்கையில் என் கையாலேயே தட்டினேன். பேராசிரியர் படித்துப் பார்த்து, "ஸோன் பதினொன்று தெளிவா வந்திருக்கு" என்றார். வெள்ளிக்கிழமை அறிக்கை போக வேண்டும்.

புதன்கிழமை சாவியைத் திரும்ப வாங்க ஹவில்தார் வந்தார். திரையில் அவர் ஊர் பஸ் போய்க்கொண்டிருந்தது, ஆட்கள் புள்ளி புள்ளியாக. சேத்தூரில் பாதிப் புள்ளி இறங்கியது. ராஜபாளையத்தில் மீதி. அதற்குப் பிறகு வெறும் வண்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து சேர்ந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"ஏம்மா, இதுல நான் எங்க?"

தேவதானம் படிவக் கட்டைப் புரட்டினேன். எல்லாரையும் எழுதியவர் தன்னை எழுதவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். ஆனால் மற்றவர்கள்?

"இந்த பஸ்ல நிக்க எடம் இருக்காதும்மா. முக்கால்வாசிப் பேரு இங்கனதான் வாராவ. ஆஸ்பத்திரி, கோர்ட்டு, பூ வாங்க, கோயிலுக்குன்னு. வெறும் வண்டியா ஓடுதுங்கீய?"

"நீங்கதானே அண்ணே எழுதுனீங்க, 'இங்கதான்', 'பக்கத்துல'ன்னு?"

"அவிய சொன்னத எழுதுனேன். கெளம்பும்போது எங்க போறன்னு கேட்டா எவன் சொல்லுவான்? ஒரு அக்கா, 'விடிஞ்சதும் விடியாததுமா எங்கன்னு கேக்கான் பாரு, வெளங்குமா'ன்னு என்னைய வஞ்சிட்டுப் போறாவ."

"தெரிஞ்சுமா கேட்டீங்க?"

"நீங்க எழுதிக் குடுத்தீய. ஆர்டர்லா."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் காட்ட முடியாத கோபம் என்பதால் ஏசி ரிமோட்டைப் பிடித்து நாலு அமுக்கு அமுக்கினேன். உண்மையில் அது வெட்கம். அந்தச் சுத்தமான கையெழுத்தால் அந்த மனுஷர் தன் பஸ்ஸுக்குத் தானே வேட்டு வைத்திருந்தார், திரி கொளுத்திக் கொடுத்தவள் நான்.

"கண்டக்டர் மட்டும் கேக்காரே அண்ணே?" என்று கடைசி வாதம் ஒன்றை வைத்துப் பார்த்தேன்.

"அவரு எங்க கேக்காரு? 'டிக்கெட், டிக்கெட்'டுன்னுதான சொல்லுதாரு."

அவரே வழியும் சொன்னார். "எறங்குன பொறவு கேளுங்கம்மா. 'எங்கருந்து வாரீய'ன்னு கேட்டா ஒரு தோஷமும் இல்ல."

பேராசிரியரிடம் போய் நின்றேன். கேள்வியைத் தலைகீழாகத் திருப்பப்போகிறோம் என்றேன். கையேட்டில் அப்படி இல்லையே என்றார். கையேட்டை எழுதினவர்கள் தேவதானத்தில் பஸ் ஏறியதில்லை சார் என்றேன். அவருக்கும் ஊர் இந்தப் பக்கம்தான். சற்று யோசித்தவர், "எங்க வீட்லயும் எங்கன்னு கேட்டா அடிதான்" என்று முதல் தடவையாக மனுஷனைப் போலப் பேசி, ஒரு வாரம் தவணை வாங்கித் தந்தார்.

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் படிவத்தோடு நின்றோம். 'எங்கருந்து வாரீய?' என்று கேட்டதுதான் தாமதம், கொட்டினார்கள். ஊர், தெரு, வந்த காரியம், காரியத்துக்குக் காரணமான நாத்தனார், அவளுக்கு 'ஏட்டி' என்று தொடங்கிச் சில வசவுகள். எழுதக் கட்டம் போதவில்லை. முதல் படிவம் ஹவில்தாருக்குத்தான். கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தவரிடம் நானே கேட்டேன். விறைத்து நின்று, "தேவதானம்" என்றார்.

புதுக் கணக்கு போனது. சில மாதம் கழித்து, நேர் பஸ் அப்படியே ஓடும் என்று பதில் வந்தது. அன்றைக்கு ஹவில்தார் கையெழுத்து வாங்காமல் என்னிடம் சாவியைத் தந்தார். அதைவிடப் பெரிய மரியாதை அவரிடம் கிடையாது.

அன்று சாயங்காலம் அதே பஸ் தேவதானம் திரும்புவதற்காக ஸ்டாண்டில் நின்றது. நானும் ராஜபாளையம் வரை அதில் போகலாம் என்று ஓடினேன். ஹவில்தார் கம்பியைப் பிடித்து, வலியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மேல்படிக்கு ஏறிவிட்டிருந்தார். சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"எங்கண்ணே போறீங்க?"

எங்கே என்று எனக்குத் தெரியாதா? இந்த வட்டாரத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை வையவில்லை. ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார். தரையில் காலை வைத்துச் சகுனத்தை முறித்துவிட்டு உடனே ஏறுவதாகத்தான் உத்தேசம். ஆள் இறங்கிவிட்டார் என்று நினைத்துக் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். நாங்கள் காப்பாற்றிய பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது.

அடுத்த வண்டி ராஜபாளையம் வரைதான். அங்கே இறங்கும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடியின் கனத்தில்தான் அந்த முழங்கால் அவரை என்ன பாடு படுத்துகிறது என்பது எனக்கு விளங்கியது. அவர் தேவதானம் பஸ்ஸில் ஏறி உட்காரும்வரை பக்கத்திலேயே நின்றேன், வாயே திறக்கவில்லை.