உளுந்தின் மேல் ஓட்டிய வண்டி

என் எலக்ட்ரிக் பைக் அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓடாதபடி தயாரித்த கம்பெனியிலேயே கட்டிப்போட்டிருந்தார்கள். கே.கே. நகரிலிருந்து வாடிப்பட்டிக்குத் தினமும் வேலைக்குப் போய்த் திரும்புவதிலேயே இடுப்பு விட்டுப்போனது. கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்கு வந்து படுத்தால் போதும் என்றுதான் மெக்கானிக்கிடம் அந்தக் கட்டுப்பாட்டை எடுக்கச் சொன்னேன்.

“இனிமே பறக்கும்ணே” என்றார்.

அன்று சாயங்காலம் திரும்பும்போது, சர்வீஸ் ரோடு முழுக்க உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள், போகிற வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று. சக்கரம் வழுக்கியது. காலை ஊன்றி ஊன்றி ஓரமாக நகர்ந்தேன். செடியைக் கிளறிக்கொண்டு குச்சியோடு நின்ற ஒரு அம்மா விடவில்லை.

“தம்பி, ஓரமாப் போகாதீங்க. நடுவுல ஏத்துங்க. இப்படி மெதுவாப் போனாத்தான் நல்லா உதிரும்.”

இறங்கிச் சண்டை போடத் தெம்பில்லை. நடுவில் ஏற்றினேன்.