கணவாய்க்கு அந்தப் பக்கத்து வானம்

நடந்தது இதுதான்:

1. இருபத்தொன்பதாம் நோன்பன்று காலை பதினொன்று பத்துக்கு நெவாடாவிலிருந்து என் கணவர் கூப்பிட்டார். வானிலை எப்படி என்று கேட்டார்.
2. என் திரையில் இரண்டு பத்திகள் இருந்தன. முதல் பத்தியை மட்டும் வாசித்துச் சொன்னேன்.
3. பன்னிரண்டு மணிக்கு அவர் அங்கிருந்து கிளம்பினார்.
4. அன்று மாலை எங்கள் ஆட்கள் யாரும் பிறை பார்க்கவில்லை.
5. மறுநாள் ஏறக்குறைய நாற்பது குடும்பங்கள் முப்பதாவது நோன்பு வைத்தோம்.

அந்த வருடம் நோன்பு செப்டம்பரில் வந்தது. எங்கு பார்த்தாலும் வேலைகள் போய்க்கொண்டிருந்த வருடம். அவருடைய வேலை ஜூனில் போனது. விசாவைக் காப்பாற்றக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார்: நெவாடாவில் ஒரு தங்கச் சுரங்கத்துக்கு மென்பொருள் பார்த்துக் கொடுக்கும் கான்ட்ராக்ட். ஆறாயிரம் அடி உயரத்தில், பாலைவனத்துக்கும் மொட்டை மலைகளுக்கும் நடுவே ஒரு சிறிய ஊர். சான் ரமோனில் இருக்கும் எங்கள் அபார்ட்மென்டிலிருந்து ஆறு மணி நேர டிரைவ். இடையில் சியரா மலைத்தொடர், அதைக் கடக்க ஒரு கணவாய். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் பாதி நேரம் தூங்குவார்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தேன். அந்த மாதம் எங்களுக்கு ரிலீஸ். விடிவதற்கு முன் எழுந்து சஹர் சாப்பாடு, ஐந்து வயது மகளுக்கு லஞ்ச் பாக்ஸ், டே கேர், ஆபீஸ், திரும்ப டே கேர், நோன்பு திறக்கக் கஞ்சி. மூன்று நாட்கள் ஃப்ரீவே நெரிசலில் காரிலேயே பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பு திறந்தேன். அன்றெல்லாம் மகளை, பக்கத்து ஊரான டப்ளினிலிருக்கும் ஆன்ட்டி அழைத்துப் போய்விடுவார்.

அந்த ஆன்ட்டியிடம்தான் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் போன் லிஸ்ட் இருந்தது. கணக்குப் போட்டு ஆறு மாதம் முன்பே பெருநாளை அறிவித்துவிடுகிறவர்கள் உண்டு. நாங்கள் அப்படியில்லை. எங்கள் ஆட்களில் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். இருபத்தொன்பதாம் நோன்பு மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பு. ஆனால் நாங்கள் இருக்கும் கடலோரப் பகுதியில் மாலையானால் மேற்கே மூடுபனி ஏறிவிடும். இரண்டு வருடமாகப் பிறை கண்ணில் படவே இல்லை. என் கணவர் பாலைவனத்துக்குப் போனது தெரிந்ததும் ஆன்ட்டிக்கு ஏக சந்தோஷம்.

"இனிமே நமக்கென்ன கவலை? மாப்ளதான் அங்க இருக்காரே. அரபு நாட்டுல பாக்குற மாதிரி பாத்துச் சொல்லிருவாரு."

"அரபு நாட்டுல ஒட்டகம் இருக்கும் ஆன்ட்டி. இங்க கழுதைதான் திரியுது" என்றார் இவர்.

"அப்ப துணைக்கு ஆள் இருக்குன்னு சொல்லுங்க."

நோன்பு தொடங்கும் முதல் பிறையை ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் நின்று அவர்தான் பார்த்தார். போனில் மூச்சு வாங்கிக்கொண்டு, "பாத்துட்டேன் புள்ள, நகக்கீறல் மாதிரி, பாத்துட்டேன்" என்றார். வேலை போனபின் அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டிருக்கவில்லை. ஆன்ட்டியின் லிஸ்ட் முழுக்க அன்று அவர் பெயர்தான் போயிற்று.

செப்டம்பர் நடுவில் ஒரு ஞாயிறு இரவு அவர் திரும்பிப் போகும்போது கணவாயில் ஆலங்கட்டி மழை. கார் வழுக்கி அரைவட்டம் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றிருக்கிறது. அதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னார். "காருக்கே உன்ன விட்டுப் போக மனசில்ல போல." நான் சிரிக்கவில்லை. எங்கள் கார் பழையது, டயர் தேய்ந்தது. பனியில் ஓட்ட எங்கள் இருவருக்குமே தெரியாது.

அன்றிலிருந்து தினமும் காலையிலும் மாலையிலும் வானிலைத் துறையின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். கணவாய்க்கு ஒரு பத்தி, அவருடைய ஊருக்கு ஒரு பத்தி. காற்று, மேகம், எத்தனை அடிக்கு மேல் பனி, எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று ஒரு எக்செல் ஷீட்டில் போட்டுவைத்தேன். மாலை போனில் அதை அவருக்கு வாசிப்பேன்.

"முப்பது பர்சென்ட்தானா? முப்பத்தஞ்சுதான் பாஸ் மார்க்கு. மழை ஃபெயிலு" என்பார்.

செப்டம்பர் முடியும்போது வடக்கிலிருந்து பருவத்தின் முதல் புயல் இறங்கியது. சரியாக இருபத்தொன்பதாம் நோன்பன்று. அவருடைய திட்டம் இது: மாலை அந்த மேட்டில் ஏறிப் பிறை பார்ப்பது, ஆன்ட்டிக்குச் சொல்வது, ஏழு மணிக்குக் கிளம்பி இரவோடு இரவாகக் கணவாயைக் கடந்து வருவது. முந்தின இரவு நான் கேட்டேன்.

"பனி விழுந்தா?"

"விழுந்தா அங்கேயே பெருநாள். கழுதைகூடத் தொழுதுக்கறேன்."

பின்னாலிருந்து மகள், "இஸ் அத்தா கமிங் ஆர் நாட்?" என்றாள். அந்த வாரத்தில் எத்தனையாவது முறையோ.

காலை பதினொன்று பத்துக்கு அவர் கூப்பிட்டபோது நான் என் மேசையில் இருந்தேன்.

"என்ன போட்டிருக்கான்?"

முதல் பத்தியை வாசித்தேன். கணவாயில் இரவு எட்டு மணிக்கு மேல் பனி, எழுபது சதவீதம். டயருக்குச் சங்கிலி கட்டாயமாகலாம்.

"எழுபதா! ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸாயிருச்சே." பிறகு கேட்டார்: "இங்க எப்படி? மாலைக்கு?"

இரண்டாவது பத்தி கண் முன்னால் இருந்தது. பாலைவனப் பகுதியில் பிற்பகல் மேகம், அந்திக்கு முன் மேற்கே கலையும், பொழுது சாயும் நேரம் பெரும்பாலும் தெளிவு. மூன்றே வரி.

"மேகம்" என்றேன்.

"மேகமா? இப்பவே கொஞ்சம் இருக்கு."

"ஆமா. மேகம்னு போட்டிருக்கு."

"அப்ப நான் இங்க நின்னு யாருக்கு என்ன லாபம்? கிளம்பிடவா?"

"கிளம்புங்க மச்சான்."

பயம் பொய்யில்லை. இருட்டில், பனியில் அவர் அந்தக் கணவாயைக் கடக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அதைச் சொல்லித் தடுத்திருக்கலாம். அங்கேயே இருங்கள், பிறையைப் பாருங்கள், இரவு தங்குங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் களைத்துப்போயிருந்தேன். அவர் வீட்டுக்கு வர வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஆபீசில் யாராவது மென்பொருளின் குறையைப் பாதித் தகவலோடு எழுதி அனுப்பினால், முழுதாக எழுதச் சொல்லித் திருப்பி அனுப்புகிறவள் நான்தான்.

ஆறு மணிக்கு வந்துவிட்டார். ஆறே முக்காலுக்கு டப்ளின் மேட்டுப் பார்க்கிங்கில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் நின்றோம். மகள் அவர் தோளில் உட்கார்ந்திருந்தாள். மேற்கே ஒரே சாம்பல். ஆன்ட்டி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"என்ன மாப்ள, உங்கள நம்பித்தான இருந்தோம். பிறை பாக்குற வேலைய விட்டுட்டு வந்துட்டீங்களே."

"அங்கயும் மேகம் ஆன்ட்டி. இவ பாத்துச் சொல்லிட்டா."

"அவ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றார் ஆன்ட்டி. போன் லிஸ்டில் முப்பது பூர்த்தி என்று செய்தி போயிற்று. மறுநாள் காலை சாலை நிலவரத்தைத் திறந்து பார்த்தேன். கணவாயில் ஓர் அங்குலம்கூடப் பெய்திருக்கவில்லை. சாலை மூடப்படவே இல்லை.

பெருநாள் நன்றாகவே நடந்தது. தொழுகைக்குப் பின் ஆன்ட்டி என்னைக் கட்டிப்பிடித்து, "இந்த வருசம் உன் முகத்துலதான் பெருநாள் தெரியுது" என்றார். மகள் நாள் முழுக்க அவள் அத்தாவின் சட்டையை விடவில்லை. ஞாயிறன்று அவர் திரும்பிப் போனார்.

திங்கள் மாலை கூப்பிட்டார். அவருடன் சுரங்கத்தில் வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரர், மான் வேட்டைக்குப் போகிறவர், மதியச் சாப்பாட்டின்போது பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்: நீ கிளம்பிப் போன அன்று மாலை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது, உன் நிலா மலைக்கு மேலே நூல் மாதிரி தெரிந்தது, உனக்குக் காட்டலாமென்று தேடினேன், நீ இல்லை.

"பாரு புள்ள. நின்னிருந்தா பாத்திருப்பேன்." குரலில் கோபமில்லை. "மேகம்னுதான போட்டிருந்தான்?"

"ம்" என்றேன்.

"விடு. நம்ம கண்ணுக்குத் தெரியலைன்னா முப்பதுதான். நம்ம மேல குத்தமில்ல."

அவர் மேல் குற்றமில்லைதான். ஆன்ட்டி மேலும், அந்த நாற்பது வீடுகள் மேலும் இல்லை. பெருநாளன்று நோன்பு வைக்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விட்ட நோன்பைப் பின்னால் வைத்துக் களா செய்துகொள்ளலாம். வைத்துவிட்ட நோன்புக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. யாரிடமாவது கேட்கலாமென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இப்போது 2009. கான்ட்ராக்ட் முடிந்து அவர் சான் ரமோனிலேயே வேலையில் இருக்கிறார். அந்த எக்செல் ஷீட் என் கணினியில் இருக்கிறது. அன்றைய வரிசையில் பாலைவனம் என்ற கட்டம் மட்டும் காலி. இந்த வருட நோன்பு தொடங்க இன்னும் மூன்று வாரம். பிறை பார்க்கக் கணவாயைத் தாண்டிப் போய்வரலாமா என்று ஆன்ட்டி நேற்று அவரிடம் கேட்டிருக்கிறார். வானிலையைப் பார்த்துச் சொல்லும்படி அவர் என்னிடம் சொன்னார். பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மற்றதை இன்னும் சொல்லவில்லை.