பொட்டு வைத்த பெட்டி

ஹட்டன் டவுனில் நான் நடத்தும் கடையை எல்லோரும் ‘கொமினிகேசன்’ என்பார்கள். ஒரு காலத்தில் வெளிநாட்டுக்கு கோல் எடுக்க வருவார்கள். இப்போது ஃபோட்டோ கொப்பி, அடையாள அட்டை விண்ணப்பம், பாஸ்போட் படிவம், சிங்களத்தில் ஒரு கடிதம் என்று வருகிறார்கள். சுற்றியுள்ள தோட்டங்களில் யார் கட்டாருக்குப் போகிறார், யார் வீட்டில் பிரிவினை, யாருக்கு என்ன வியாதி என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் யாரிடமும் துருவிக் கேட்பதில்லை. டைப் அடிக்கும்போது தெரிந்துவிடும். தொழிலில் நான் கெட்டிக்காரி, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. மெமரி கார்டில் அழிந்துபோன கல்யாணப் படங்களை மீட்டுக் கொடுத்து இரண்டு மாமியார்களின் வாயை அடைத்திருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரிதான் பழைய கம்ப்யூட்டரைக் கைமாற்றும்போது கோட்டை விட்டேன்.

புதுசு வாங்கியதும், பழையதை ஒரு தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் வாசிகசாலைக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். வெற்றுப் படிவங்களை மட்டும் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டு, பழையதில் இருந்த எல்லாவற்றையும் அழித்தேன். குப்பைத் தொட்டிப் படத்தை அமுக்கி அதையும் காலி செய்தேன். வெளியே படிந்திருந்த தூசியை ஈரத்துணியால் துடைத்தேன். வெள்ளிக்கிழமை த்ரீவீலரில் ஏற்றி அனுப்பியபோது மனசு லேசாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஒரு பெண் கடைக்குள் வந்தாள். அதே தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். முன்பு ஒருமுறை என்னிடம் ஒரு கடிதம் அடித்துக்கொண்டு போயிருந்தாள். மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை, அங்கே தனியாக நிற்கும் பெண்களிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு எழுதிய கடிதம் அது. அடியில் பெயர் போடவில்லை. ஆனால் எந்தத் தேயிலை நெரையில், எந்த நாளில், யார் பக்கத்தில் நின்றபோது என்று எல்லாம் அதில் இருந்தது. மேலும், கோப்புக்கு அவள் பெயரைத்தான் வைத்திருந்தேன். என் வழக்கம் அது. துரை கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அன்றிலிருந்து, அதை எழுதியது யார் என்று கணக்கப்பிள்ளை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, எங்க வாசிகசாலைக்கு வந்திருக்கே, அது நீங்க என் லெட்டர அடிச்ச பொட்டிதானே?”

“அதேதான்.”

“அப்ப அந்த லெட்டரு?”

“அன்னைக்கே அழிச்சிட்டேன். இப்ப மிச்சம் மீதி எல்லாத்தையும் அழிச்சுத்தான் அனுப்புனேன். உள்ள ஒன்னுமே இல்ல, நீ பயப்படாத.”

அவள் போகவில்லை. கவுண்டரில் விரலால் கோடு போட்டுக்கொண்டே நின்றாள். தோட்டத்தில் வேலைக்கு வருகிறவர்களின் பெயர்களை எழுதும் பேரேட்டை செக்ரோல் என்பார்கள். அதைத்தான் சொன்னாள். “என் பேர செக்ரோல்ல இருந்து ரெண்டு தடவ வெட்டினாங்க அக்கா. பேர வெட்டினாங்களே தவிர நான் லயத்துலதானே இருந்தேன்? தேடி வந்தவங்களுக்கெல்லாம் நான் ஆப்புட்டேனே?”

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில்தான் அவள் சொன்னது உறைத்தது.

கம்ப்யூட்டரில் அழிப்பதும் அதுதான். பட்டியலிலிருந்து பெயர்தான் போகிறது. லயத்து வரிசை வீட்டில் காம்பரா என்கிற அந்த அறைக்கு வேறு ஆள் குடிவரும் வரை பழைய ஆள் உள்ளேயேதான் இருப்பார். அது எனக்குத் தெரியாத விஷயமா? கல்யாணப் படங்களை அப்படித்தானே மீட்டேன்! அவள் எதிரிலேயே ஒரு பென் டிரைவில் இரண்டு வரி அடித்து, அழித்து, மீட்கும் மென்பொருளை ஓடவிட்டேன். ஒரு நிமிஷத்தில் இரண்டு வரியும் திரும்பி வந்தன.

“நாளைக்குப் பத்து மணிக்குத் தெறப்பு விழா. கணக்கப்பிள்ளைதான் வாசிகசாலைத் தலைவரு” என்றாள். “அவரு அக்கா பெத்த மருமகன் கொழும்புல கம்ப்யூட்டர் கடையில வேல செய்றவரு, அவரும் வாறாராம். தெரிஞ்சுச்சின்னா எனக்கு வேலயும் போயிரும், காம்பராவும் போயிரும் அக்கா.”

எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் விட என்மேலேயே கோபம் கோபமாக வந்தது. என்னை நம்பி ஊரே வாய் திறந்து சொன்னதையெல்லாம் த்ரீவீலரில் ஏற்றி அனுப்பிவிட்டு மனசு லேசானதாக நினைத்திருக்கிறேன். “நாளைக்கு நான் வாறேன். நீ என்னையத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காத” என்று சொல்லி அனுப்பினேன்.

கடையில் உதிரியாகக் கிடந்த ஒரு ஹார்ட் டிஸ்கில் அன்று மாலையே விண்டோஸ் ஏற்றினேன். முழுசாக அழிக்க அங்கே நேரம் கிடைக்காது. ஆனால் டிஸ்கை மாற்ற நான்கு திருகாணிகள்தான். ஞாயிறு முதல் பஸ்ஸில், ஹேண்ட்பேகில் டிஸ்கும் ஸ்குரூ டிரைவருமாக மேலே போனேன்.

வாசிகசாலையில் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. தலையில் ஒரு எலுமிச்சம்பழம். பக்கத்தில் கணக்கப்பிள்ளை வெள்ளை வேட்டியில் நின்றார்.

“ஐயா, இதுல இருக்கிற டிஸ்க் பழசு. எந்நேரமும் நின்னுரும். நல்லது ஒன்னு கொண்டாந்திருக்கேன், மாத்திக் குடுத்துர்றேன்.”

“பொட்டு வச்ச பொறகு அவுக்கலாமா தங்கச்சி? சகுனம் நல்லா இருக்குமா?”

“பஸ்ஸுக்குப் பூச போட்ட பொறகு டயர் மாத்துறதில்லீங்களா?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கும் சிரிக்க வேண்டியதாயிற்று. மாலையை நானே கழற்றி அவர் கையில் கொடுத்தேன். பக்கத் தகட்டைத் திறந்தால் உள்ளே ஒரே இருட்டு. “கொஞ்சம் லைட் புடிங்க ஐயா” என்றேன். யாரைப் பற்றிய கடிதம் உள்ளே இருந்ததோ, அவரே தோளில் மாலையைப் போட்டுக்கொண்டு, ஃபோனில் வெளிச்சம் பிடித்துக் குனிந்து நின்றார். மூன்றாவது திருகாணி கை தவறிக் கீழே விழுந்தது. அதையும் அவரே தேடி எடுத்துக் கொடுத்தார். வாசலில் பெண்களோடு நின்ற அவளை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பழைய டிஸ்கைப் பையில் வைக்கும்போது மருமகன் கேட்டான். “அதை எனக்குத் தாங்களேன். என்ன இருக்குன்னு பாப்போம்.”

பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. “ஊரு சனங்க குடுத்த அப்ளிகேசன் எல்லாம் இருக்கு தம்பி. ஐடென்டி கொப்பி, பேங்க் புத்தகக் கொப்பி. இந்த ஐயாவோட மக பாஸ்போட் கொப்பியும் இதுலதான் இருக்கு. அடுத்தவங்க கையில குடுக்கலாமா, நீங்களே சொல்லுங்க ஐயா.”

“ஐயோ, வேணாம், வேணாம்” என்றார் கணக்கப்பிள்ளை. “நீங்களே கொண்டு போயிருங்க தங்கச்சி.”

சூடம் காட்டினார்கள். கம்ப்யூட்டர் நல்லபடியாகத் திறந்தது. கைதட்டல் முடிந்ததும் பஸ் ஏறினேன். அவளும் அதே பஸ்ஸில் ஏறினாள். பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

கடைக்கு வந்ததும் டிஸ்கைப் புதிய கம்ப்யூட்டரில் இணைத்தேன். முறையாக அழிப்பது என்றால் சுரண்டி எடுப்பதல்ல. டிஸ்கின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, ஓர் இடம் விடாமல், இருந்ததற்கு மேல் வேறொன்றை எழுதுவது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பால் விடாத பிளேன்டீ குடித்தாள், திரையில் பச்சைக் கோடு நகர்வதைக் கண் எடுக்காமல் பார்த்தாள். முடிந்ததும் அதே மீட்கும் மென்பொருளை ஓடவிட்டேன். ஒன்றுமே வரவில்லை. ஒரு பெயர்கூட இல்லை.

“பாத்தியா? எல்லாக் காம்பராவுலயும் வேற ஆள் குடிவந்தாச்சு.”

அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். “அதுல போயிருச்சு. ஒங்க தலையில இருக்கே அக்கா, அத என்ன பண்றது?”

டிஸ்கைக் கழற்றிக்கொண்டே, “அத அழிக்க முடியாது. ஆனா வெளிய வராது” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். நம்பினாளா என்று தெரியாது.

அதற்குப் பிறகு என் கடையில் கோப்புகளுக்கு ஆட்களின் பெயர் வைப்பதில்லை. டிஸ்கும் கடையைவிட்டு அப்படியே போவதில்லை.

இதை எழுதலாமா என்று முதலில் அவளிடம்தான் கேட்டேன். “எழுதுங்க. அந்தப் பொட்டிக்குச் செஞ்சதையே இதுக்கும் செஞ்சிருங்க” என்றாள்.

செய்திருக்கிறேன். கடிதத்தில் இருந்த புகார் நான் மேலே சொன்னது அல்ல. அது கணக்கப்பிள்ளையைப் பற்றியதும் அல்ல. கொடுத்தது வாசிகசாலைக்கா என்று கேட்டால், அதற்கும் பதில் சொல்லமாட்டேன். குனிந்து வெளிச்சம் பிடித்து, விழுந்த திருகாணியை எடுத்துக் கொடுத்த ஓர் ஆள் மட்டும் உண்மை. மற்றதன் மேலெல்லாம் வேறொன்றை எழுதிவிட்டேன். நீங்கள் எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாலும் அவள் கிடைக்கமாட்டாள்.