திருப்பி விடப்பட்ட இரண்டு லாரிகள்

செவ்வாய்க்கிழமை காலை நெல் நிலையத்தில் சுமைதூக்கும் வீரையன் போன் செய்தார். "கலியமூர்த்தி சார் போயிட்டாருங்க. வயலுக்குத் தண்ணி கட்டப் போனவரு வரப்புல உக்காந்தாராம். எந்திரிக்கவே இல்லீங்க" என்றார். மதியத்துக்குள் எங்கள் ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிட்டது. கீழே 'கடமை தவறாத உத்தமர்' என்று எழுதியிருந்தது. எழுதியவர் எங்கள் மண்டல அலுவலகத்தின் பழைய மேலாளர். இதே கலியமூர்த்திக்கு 'கடமையில் அலட்சியம்' என்று குற்றக் குறிப்பாணை கொடுத்தவரும் அவர்தான். எழுத அவருக்குக் கை கூசவில்லை.

கலியமூர்த்தியை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திருவாரூர்ப் பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்தார். விவசாயிகளின் நெல்லை வாங்கி, சாக்கில் பிடித்து, லாரியில் ஏற்றிக் கிடங்குக்கு அனுப்ப வேண்டியது அவர் பொறுப்பு. அந்த லாரிகளை ஒதுக்குவது மண்டல அலுவலகத்தில் என் வேலை. தினமும் காலையில் போன் செய்து லாரி கேட்பார். தினமும் நான் இல்லை என்பேன்.

ஒருநாள் பொறுக்காமல் நேரே அலுவலகத்துக்கு வந்து, என்னைத் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கிடங்கு வாசலுக்குப் போனார். கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகள், எல்லாமே நெல் பாரத்தோடு நின்றன. டிரைவர்கள் சாலையோரம் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். சரக்கு ரயில் வராததால் கிடங்கு காலியாகவில்லை. கிடங்கு காலியாகாததால் லாரிகளில் இருந்து இறக்க வழியில்லை. "லாரி இல்லன்னு இனிமே சொல்லாதீங்கண்ணே. லாரி நிக்குதுன்னு சொல்லுங்க. இல்லாததுக்கு யாரைக் கேக்குறது? நிக்கிறதுக்குன்னா ஒருத்தரக் கேக்கலாம்ல" என்றார். அன்றைய அறிக்கையில் அப்படியே எழுதினேன். மேலாளர் அதை அடித்துவிட்டு 'லாரி பற்றாக்குறை' என்று மாற்றினார். இன்றைக்கும் ஒவ்வொரு அறுவடையிலும் செய்தித்தாளில் வருவது அந்த இரண்டு வார்த்தைதான்.

கலியமூர்த்தியின் அப்பா பண்ணையில் கூலிக்கு அறுத்தவர். நிலப் போராட்டக் காலத்தில் அடிபட்டு, சிறைக்கும் போய்வந்து, கடைசியில் கொஞ்சம் நிலத்துக்குப் பட்டா வாங்கியவர். அந்த நாளில் களத்தில் மழை வந்தால் முதலில் பண்ணை நெல்லைத்தான் மூடுவார்களாம். மூடுகிற ஆட்களின் கூலி நெல் ஓரத்தில் நனைந்துகொண்டு கிடக்குமாம். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். நானும் கதை கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு மறந்துபோனேன்.

அந்த ஐப்பசியில் குறுவை நெல் வந்து குவிந்தது. நிலையத்துக்குள் இடமில்லை. வாங்கிய மூட்டைகள் வெளியே உமி பரப்பி அடுக்கப்பட்டிருந்தன. சரியாக இரண்டு லோடு. வாங்காத நெல், வரிசையில் காத்திருந்த விவசாயிகளுடையது, சாலையின் இரண்டு பக்கமும் குவியல் குவியலாகக் கிடந்தது. இருந்த தார்ப்பாய் இரண்டில் ஒன்றை மூடத்தான் போதும். சட்டப்படி அது அரசாங்க மூட்டைக்கு உரியது. காலையில் நான் போன் செய்து, இரண்டு லாரி கிளம்பிவிட்டது, மதியத்துக்குள் வந்துவிடும் என்றேன். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. கலியமூர்த்தி மூட்டைகளின் மேலிருந்த தார்ப்பாயை உருவி, சாலையில் கிடந்த நெல்லை மூடச் சொன்னார். வீரையன் தயங்கியிருக்கிறார். "மூட்டைக்கு லாரி வருதுய்யா. ரோட்டுல கெடக்குறதுக்கு யாரு வருவா?" என்று கலியமூர்த்தி கேட்டாராம்.

லாரி வரவில்லை. மறுநாள் ஒரு பெரிய மனிதர் வேறொரு நிலையத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. அவர் கண்ணில் ஒரு மூட்டைகூடப் படக்கூடாதாம்! கிளம்பிய இரண்டு லாரிகளையும் மேலாளர் வழியிலேயே அங்கே திருப்பி விட்டார். கலியமூர்த்திக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அந்தாள் சண்டைக்கு வருவான் என்றார். நான் சரி என்று தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன், சாப்பிடத்தான் போனேன்.

இரண்டு மணிக்கு அடித்த மழை மூன்று நாள் விடவில்லை. சாலையில் கிடந்த நெல் தப்பித்தது. அரசாங்க மூட்டைகள் சாக்கைப் பிய்த்துக்கொண்டு பச்சையாக முளைத்தன. கலியமூர்த்தியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். லாரி வருவதாகச் சொன்னார்கள் என்று விசாரணையில் அவர் சொன்னார். என் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதில் அன்றைக்கு அவர் நிலையத்துக்கு லாரியே ஒதுக்கப்படவில்லை. மேலாளர் சொல்லி, விசாரணைக்கு முந்தின நாள் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதியது நான்தான். நெல் தப்பிய விவசாயிகள் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுவை ஒருவரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. விசாரணை முடிந்து வேலை திரும்பக் கிடைத்தது. பதவி உயர்வு மட்டும் ஓய்வு பெறும்வரை கிடைக்கவில்லை.

சில வருடம் கழித்துத் திருவாரூர் பஸ் நிலையத்தில் எதிரே வந்தார். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவரே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "லாரியத் திருப்புனதுகூடப் பரவாயில்லண்ணே. ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நினைவேந்தல் கூட்டம். தலைமை தாங்குவது அந்த மேலாளர்தான். உத்தமர் என்று மைக்கில் மறுபடி சொல்வார். சொல்லட்டும். பதிவேட்டில் நான் கிழித்த பக்கத்துக்கு அடியில் ஒரு கார்பன் நகல் இருந்தது. அதை மட்டும் நான் கிழித்துப் போடவில்லை. கலியமூர்த்தி நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான். இரண்டு லாரி எண்களும், அவர் நிலையத்தின் பெயரும், கிளம்பிய நேரமும் என் கையெழுத்தில் அதில் இருக்கின்றன. மேலாளர் உட்கார்ந்திருக்கும்போதே மேடையேறி அதைப் படிப்பேன். என்னை என்ன செய்தாலும் செய்துகொள்ளட்டும். கலியமூர்த்தியோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் நெல் போட்டவர்கள் எல்லோரும் அவசியம் வாருங்கள்.

கலியமூர்த்தி, லாரி வரலீங்க. பாதி வழியில திருப்பி விட்டுட்டாங்க. மழை வர்றதுக்குள்ள என்ன செய்யணுமோ செஞ்சுக்குங்க.