குழாயடிச் சண்டையும் என் எக்செல் ஷீட்டும்

இன்று மதியம் ஸ்டாஃப் மீட்டிங். எங்களுடையது பென்னாகரம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப்பள்ளி.

பசங்களின் சண்டை பற்றித்தான் பேச்சு. எட்டாம் வகுப்பில் இரண்டு பேர் மீதுதான் எல்லோருக்கும் கோபம்.

"அவனுங்க ரெண்டு பேருக்கும் டிசி குடுத்து அனுப்பிடுங்க மேடம். ஸ்கூலே அடங்கிடும்" என்று தலைமையாசிரியையிடம் சொன்னார் பி.டி. சார்.

நான் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். ஜூனிலிருந்து புகார் நோட்டில் இருந்த ஒவ்வொரு சண்டையையும், எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டு எக்செலில் ஏற்றி வைத்திருந்தேன்.

"பாருங்க சார். சண்டை போடற பசங்க மாறிக்கிட்டே இருக்காங்க. எடம் மட்டும் மாறவே இல்ல. சத்துணவு சாப்ட்டுட்டு மொத்தப் பசங்களும் ஒரே நேரத்துல தட்டு கழுவப் போறாங்க. இருக்கறது ரெண்டு குழாய்."

பி.டி. சாரே, "ஆமாங்க டீச்சர், சரியாத்தான் இருக்குது" என்றார். இனி வகுப்பு வகுப்பாகத் தட்டு கழுவ அனுப்புவது என்று முடிவானது. டிசி பேச்சு அத்தோடு நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தலைமையாசிரியை சுவரில் ஒட்டியிருந்த ட்யூட்டி லிஸ்டைப் பார்த்தார்.

"குழாய்கிட்ட ஜூன்ல இருந்து உங்க பேருதானுங்களே டீச்சர் போட்டிருக்குது? அந்த நேரத்துல எங்கங்க இருந்தீங்க?"

ஸ்டாஃப் ரூமில்தான். எக்செல் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

நாளை முதல் குழாயடியில் நிற்கிறேன், லேப்டாப் இல்லாமல்.

உங்கள் பள்ளியில் யாராவது இப்படி ஷீட் போட்டுப் பார்த்ததுண்டா? கடைசியில் யார் பேர் வந்தது?