அக்காவின் கடிதங்களில் இருந்த பிள்ளைகள்

என் அக்கா குழித்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்குக் கல்யாணம் இரண்டு முறை பேசி இரண்டு முறையும் நின்றுபோனது. அப்பா இறந்த பிறகு அம்மா, அக்கா, நான், என் வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். நாற்பது வயது தாண்டிய பிறகு ஒருநாள் அவள், வேலையை விட்டுவிட்டுத் தெற்கு சூடானில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போகப்போவதாகச் சொன்னாள்.

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"கணக்கு படிப்பிக்க இங்க பிள்ளைகள் இல்லியா, ஏட்டி?"

"இங்க பிள்ளைகளும் உண்டு, டீச்சர்மாரும் உண்டும்மா. அங்க பிள்ளைகள் மட்டும்தான் உண்டு."

சபையில் பொன்னாடை போர்த்தி வழியனுப்பினார்கள். ஒரு காலத்தில் கப்பலேறி வந்தவர்கள் நமக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்கள், இன்று நாமே ஆள் அனுப்புகிறோம் என்று போதகர் பேசினார். அப்படி வந்த ஒரு வெள்ளைக்கார டீச்சரின் கல்லறை எங்கள் சபைக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது. சின்ன வயதிலேயே காய்ச்சலில் போனவள். கூட்டம் முடிந்து எல்லோரும் சாயா குடித்துக்கொண்டு நின்றபோது அம்மாவை மட்டும் காணவில்லை. தேடிப் போனேன். அந்தக் கல்லறைப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"இவளுக்க அம்மைக்கு சேதி எப்ப போய்ச் சேர்ந்திருக்கும்?" என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்து அழைத்துவந்தேன்.

அக்கா இருந்த இடத்தில் செல்போனுக்கு டவர் கிடையாது. தபாலும் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குச் சாமான் கொண்டுவரும் லாரிக்காரரிடம் கடிதத்தைக் கொடுப்பாள். அது உகாண்டா போய், அங்கிருந்து ஊருக்கு வருகிற யாராவது ஒரு மலையாளி நர்ஸ் கையில் ஏறி, கொச்சியில் தபாலில் விழும். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கடிதத்தில் நம் ஊர் ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறது என்று நான் சொன்னதும் அம்மாவுக்கு முதலில் சந்தேகம். "இவ எர்ணாகுளத்தில இருந்துகிட்டு நம்மள ஏமாத்துகாளா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை. எழுத்துக் கண்ணில் பிடிபடாது. நான் வேலை விட்டு வந்ததும் வாசித்துக் காட்டுவேன். அக்கா தன்னைப் பற்றி அதிகம் எழுத மாட்டாள். கடிதம் முழுவதும் போர்டிங்கில் தங்கிப் படித்த பெண்பிள்ளைகள்தான். வகுப்பில் உட்கார பெஞ்சு இல்லாததால் வீட்டிலிருந்து ஒரு முக்காலியைத் தலையில் சுமந்து வந்த நெட்டைப் பிள்ளை. பூச்சியத்தால் எதைப் பெருக்கினாலும் பூச்சியம் என்பதை ஏற்றுக்கொள்ளாமல், "என்னிடம் இருந்த ஆடு எங்கே போனது டீச்சர்?" என்று சண்டை பிடித்த பிள்ளை. இரவில் படுக்கையை நனைத்துவிட்டு, விடியுமுன் எழுந்து தானே துவைத்துப் போடும் குட்டிப்பிள்ளை.

"இங்கேயும் மரச்சீனிக் கிழங்கு உண்டு அம்மா. தேங்காய்தான் இல்லை. நிலக்கடலையை அரைத்துச் சேர்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள்" என்று ஒருமுறை எழுதியிருந்தாள். அம்மா அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டார்கள். கடிதம் வந்த உடனே, "அந்தக் குட்டிப்பிள்ள இப்பவும் படுக்கையில போகுதா?" என்றுதான் முதலில் கேட்பாள்.

கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் உடுப்பு தைத்துத் தருகிறேன், அளவு அனுப்பு என்று அம்மா என்னை எழுதச் சொன்னாள். அடுத்த கடிதத்தோடு ஒரு பொட்டலம் நூல் வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நூல். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு முடிச்சு, மார்புச் சுற்றுக்கு ஒரு முடிச்சு. நான் மார்த்தாண்டத்தில் துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து பூப்போட்ட துணி எடுத்துவந்தேன். அம்மா நூல்களைக் கட்டிலில் வரிசையாக விரித்து வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவி அளந்தாள். கண் தெரியாவிட்டாலும் மெஷினில் அவள் தையல் கோணாது. குட்டிப்பிள்ளையின் நூலை எடுத்து என்னிடம் காட்டினாள். "இம்புட்டுத்தான் இருக்கா, பாத்தியா" என்றாள்.

கடிதம் வந்த வழியிலேயே அனுப்பிய உடுப்புகள் போய்ச் சேர்ந்ததா என்று தெரிவதற்கு முன்பே கடிதங்கள் மாறத் தொடங்கின. ரோட்டில் பட்டாளத்துக்காரர்கள் நிற்பதால் லாரி வரத் தாமதமாகிறது என்றாள். பிறகு ஒன்றில், ராத்திரி விளக்கு ஏற்றுவதில்லை என்றாள். உள்நாட்டுச் சண்டை எல்லாம் அடங்கிவிடும் என்று இங்கே டிவியில் ஒருவர் சொன்னார். மற்றபடி அந்த நாட்டைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை.

மிஷன் அலுவலகத்திலிருந்து எனக்கு போன் வந்தது. வெளிநாட்டுக்காரர்களை எல்லாம் சின்ன விமானம் வைத்துக் கொண்டுவரப் போகிறார்கள், உங்கள் அக்கா ஏற மறுக்கிறார், சாட்டிலைட் போனில் இணைத்துத் தருகிறோம், நீங்கள் பேசிப் பாருங்கள் என்றார்கள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மா கையில் கொடுத்தேன்.

அக்காவின் குரல் விட்டுவிட்டு வந்தது. "பிள்ளைகள ஏத்த மாட்டோம்னு சொல்லுகாங்கம்மா. நான் எப்படி வருவேன்?"

"அந்தப் பிள்ளைகளுக்கு அவங்க அம்மைமார் உண்டு மக்களே. எனக்க பிள்ளை நீயாக்கும்."

"எல்லாருக்கும் இல்லம்மா."

அம்மா போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். பிறகு சொன்னாள்: "நீ வரலேன்னா நான் செத்துப் போவேன். வந்திரு."

அக்கா வந்துவிட்டாள்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஒரு தோள்பையோடு வெளியே வந்தாள். ரப்பர் செருப்பு. காரில் ஏறியதும் அம்மா அவள் முகம், கை, முதுகு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். களியக்காவிளை தாண்டும்வரை அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "திரும்பி வந்து பதிமூணாம் வாய்ப்பாடு கேப்பேன், படிச்சு வைங்கன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள்.

கொஞ்ச நாளில் செய்தி வந்தது. பள்ளிக்கூடத்தைக் கொளுத்திவிட்டார்கள். போர்டிங்கிலிருந்த பிள்ளைகளில் சிலர் காட்டுக்குள் ஓடியிருக்கிறார்கள். மற்றவர்களைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. அக்கா போனில் கேட்டுவிட்டு, வாசல் நடையில் காய்ந்துகொண்டிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். அன்று அவள் அழுததை நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. வழக்கம்போலக் கொச்சியில் போட்டது. உகாண்டாவில் யாரிடமோ தங்கிக் கிடந்திருக்கிறது. தபால்காரர் அதை அக்கா கையிலேயே கொடுத்தார். அவள் தன் கையெழுத்தைப் பார்த்தபடி முற்றத்தில் நின்றாள்.

"யாருக்க எழுத்து?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"எனக்கதும்மா."

"வாசி."

வேண்டாம் என்று நான் தலையசைத்தேன். அக்கா கட்டிலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். மழை நன்றாகப் பெய்கிறது, கிணற்றில் வெள்ளம் ஏறியிருக்கிறது என்று தொடங்கியது. "உடுப்பு எல்லாம் வந்து சேர்ந்தது அம்மா. எல்லாருக்கும் அளவு சரி. குட்டிப்பிள்ளை கழற்ற மாட்டேன் என்கிறது, அதோடுதான் தூங்குகிறது. உடுப்பைக் கழற்றித் துவைக்க வேண்டுமே என்று பயந்து மூன்று நாளாகப் படுக்கையை நனைக்கவே இல்லை." அந்த இடத்தில் அக்காவின் குரல் நின்றது. அம்மா கை நீட்டிக் காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து அம்மா கேட்டாள். "நான் அன்னைக்கு உன்னக் கூப்பிடாம இருந்திருந்தா?"

"நானும் அவங்களோட போயிருப்பேம்மா."

"அதுதான் நல்லதுன்னு உனக்குத் தோணுதா மக்களே?"

அக்கா அம்மாவின் மடியிலிருந்த காகிதத்தை எடுத்து மடித்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம் என்று எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் பொய் சொல்லத் தெரியாதவள் அவள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஒரே வீட்டில் இருவரும் ஒருவரை ஒருவர் நோகடிக்காமல் நடந்துகொண்டார்கள். அக்கா அம்மாவுக்குக் கண்ணில் மருந்து விட்டாள், தலை துவட்டினாள். அம்மா அவளுக்குப் பிடித்த மீன்கறி வைத்தாள். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்சு வரவில்லை. அம்மா மெஷினில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். துணி கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்கு, கண்ணு வலிக்குது என்றாள். அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் வைத்து இறந்தாள். கடைசி நாட்களில் பிரக்ஞை போய்ப்போய் வந்தது. அக்காவின் முகத்தைத் தடவி, "நீ வந்துட்டியா, வந்துட்டியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "வந்துட்டேம்மா" என்று அக்கா ஒவ்வொரு முறையும் சொன்னாள்.

அடக்கம் முடிந்து சில மாதங்களில் அக்கா மறுபடியும் புறப்பட்டாள். இந்த முறை உகாண்டா எல்லையில், அகதிகள் முகாமுக்கு. அவளுடைய பிள்ளைகளில் மூன்று பேர் அங்கே இருப்பதாகத் தெரிந்திருந்தது. போகாதே என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. என் வீட்டுக்காரர் பெட்டியைக் காரில் ஏற்றினார்.

முகாமில் டவர் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறாள். மரத்தடியில் வகுப்பு நடக்கிறது. பூச்சியத்துக்குச் சண்டை பிடித்த பிள்ளைக்கு இப்போது கைக்குழந்தை இருக்கிறது. நெட்டைப் பிள்ளை வகுப்புக்கு வருகிறாள், வாய் திறப்பதில்லை, அக்காவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். குட்டிப்பிள்ளையைப் பற்றி நான் கேட்டதில்லை.

போன வாரம் மட்டும் ஒன்று கேட்டேன். "அன்னைக்கு நீ ஏன் விட்டுட்டு வந்தேன்னு அந்தப் பிள்ளைகள்ட்ட சொன்னியா?"

"அவங்க கேக்கல" என்றாள் அக்கா. "நானும் சொல்லல."

அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.