லட்சுமணனுக்கு நான் எழுதிய இரண்டு டயக்னோசிஸ்

கள்ளக்குறிச்சியில் நான் மனநல மருத்துவராக இருந்தபோது, வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூரிலிருந்து லட்சுமணன் என்ற விவசாயியைக் கையைக் கட்டி ஜீப்பில் கொண்டுவந்தார்கள். கூட வந்தவர்கள் அவர் மனைவி பொன்னம்மாவும் பொன்னம்மாவின் இரண்டு அண்ணன்களும். முதலில் கட்டை அவிழ்க்கச் சொன்னேன். லட்சுமணன் ஓடவில்லை. சுவரோரம் குந்திக்கொண்டார்.

சாமி காதில் பேசுகிறது, சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு, டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதியிருந்தார். புத்தகப்படி அதில் பெரிய தவறில்லை. ஆனால் பொன்னம்மாவைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டபோது கதை வேறு வரிசையில் வந்தது. சாமி பேசுவது கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. திருவிழாவில் குறி சொல்வார், ஊர் கேட்கும். அதை யாரும் நோயாக நினைத்ததில்லை. மூத்த பையன் காய்ச்சலில் இறந்த பிறகுதான் ஆள் ஒடுங்கிப்போனார். சாமை விதைக்கவில்லை. பையனைத் தானே கொன்றுவிட்டதாகச் சொல்லி அழுதார். விஷப் பேச்சு அதற்கும் பிறகு.

ரத்தம், தைராய்டு, தலை ஸ்கேன் எல்லாம் பார்த்தோம். ஒன்றுமில்லை. துக்கம் முன்னால் வந்தது, விஷ பயம் பின்னால் வந்தது என்பதை வைத்து, கடுமையான டிப்ரெஷன், அதோடு சேர்ந்த மனப்பிரமை என்று டயக்னோசிஸை மாற்றினேன்.

அண்ணன்கள் வெளியே நின்றது நோயின் பெயருக்காக.

"பைத்தியம்னா தங்கச்சிய கூட்டிக்கினு போயிடுவோங்க. இன்னா சீக்குன்னு சொல்லிடுங்க" என்றார் பெரியவர்.

துக்கத்தால் வந்தது, தேறிவிடுவார் என்றேன். பொன்னம்மா கணவரோடு மலையேறினார்.

தேறவும் செய்தார். காட்டுவேலைக்குப் போனார், ஃபாலோ-அப்பில் சிரித்துப் பேசினார். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம்.

சில வருஷம் கழித்து மறுபடி கூட்டிவந்தார்கள். இந்த முறை அழுகை இல்லை, பையனைப் பற்றிய பேச்சும் இல்லை. முகத்தில் எதுவுமே இல்லை. யாரோ தன்னைப் பற்றித் தங்களுக்குள் பேசுகிறார்கள், தான் கையைத் தூக்கினால் 'கையைத் தூக்குகிறான்' என்கிறார்கள், தான் நினைப்பது ஊருக்கே கேட்கிறது என்றார். பேசுவது உங்கள் சாமியா என்று கேட்டேன்.

"சாமி இல்லீங்க. சாமி பேசி ரொம்ப நாளாச்சு."

அதை அவர் சொன்ன விதத்தில்தான் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது.

வார்டில் சேர்த்தும், பிறகு ஓ.பி.யிலும் மாதக்கணக்கில் கவனித்தேன். ஸ்கிசோஃப்ரினியா என்று, முன்பு நான் அடித்துவிட்ட அதே சொல்லை நானே எழுத வேண்டிவந்தது. டியூட்டி டாக்டர் முதலிலேயே சரியாகச் சொல்லியிருந்தாரா, அல்லது நோயே பிறகுதான் இந்த உருவத்துக்கு வந்ததா? எனக்கு இன்றும் தெரியாது. இது ரத்தத்தில் பார்த்துச் சொல்கிற சீக்கு இல்லை.

"அன்னைக்கு அது இல்லேன்னீங்க, இன்னிக்கு அதான்றீங்க. எதுங்க நெசம்?" என்று பொன்னம்மா கேட்டார்.

அன்று கண்டதற்கு அது, இன்று கண்டதற்கு இது, இனியும் மாறலாம் என்றேன். எத்தனையோ குடும்பங்களிடம் சொன்ன பதில்தான். சொல்லும்போதே எனக்கு அலுப்பாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. மாத்திரை போட்டால் சாப்பிடுவாரா, தூங்குவாரா என்று மட்டும் கேட்டார். பெரும்பாலும் முடியும், ஆனால் இந்த முறை நிறுத்தக்கூடாது என்றேன்.

வெளியே நின்ற அண்ணன்களிடம் பேச நான் எழுவதற்குள் பொன்னம்மாவே அவர்களிடம் போய்விட்டார்.

"சீக்கு பேரு இன்னும் மாறுமாம். மாத்திரைய வுடக் கூடாதாம். நான் என் வூட்டுக்குத்தான் போறேன். மாசா மாசம் ஜீப்பு மட்டும் அனுப்புங்க."

நான் ஓய்வுபெறும்வரை அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். குரல்கள் முழுதாகப் போகவில்லை. அவை பேசிக்கொண்டிருக்கும்போதே லட்சுமணன் களையெடுக்கப் பழகிக்கொண்டார்.

இந்த வேலைக்கு வரும் இளம் டாக்டர்களுக்கு ஒன்று சொல்வேன். பழைய நோயாளி திரும்பி வந்தால், நீங்களே எழுதிய டயக்னோசிஸாக இருந்தாலும் அதை மூடிவைத்துவிட்டு, முதலிலிருந்து கேளுங்கள். களைப்பான வேலைதான். அதைச் சுருக்க எனக்கு வழி எதுவும் கிடைக்கவில்லை.